பூச்சியை உள்ளே வைத்துப் பூட்டிய கதை

கல்கத்தா வந்து பதினோரு வருஷம் ஆச்சு. லேக் மார்க்கெட் புண்ணியத்தில் முருங்கைக்காய்க்கும் காபிப் பொடிக்கும் குறையில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயைக் கடித்த என் மகள் "ஐயோ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். வயது ஆறு. டார்ச் அடித்துப் பார்த்தால் கீழ்க் கடைவாய்ப் பால் பல்லின் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு குழி. வாய் கொப்பளித்ததும் அவளுக்கு வலி போய்விட்டது. எனக்குத்தான் போகவில்லை.

உடனே திருநெல்வேலிக்கு போன். "பல்லுல பூச்சி அரிச்சிருக்கும்யா. கிராம்புத் தைலத்தைப் பஞ்சுல நனைச்சு வையி. கேக்கலேன்னா பிடுங்கிரச் சொல்லு, பால் பல்லுதானே" என்றாள் அம்மா. வீட்டு வேலைக்கு வரும் மாஷி எட்டிப் பார்த்துவிட்டு "தாந்தே போகா லேகேச்சே" என்றார். போகா என்றால் பூச்சி. ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தாலும் பூச்சி ஒரே பூச்சிதான் போலிருக்கிறது!

மறுநாள் பல் டாக்டரிடம் போனோம். சின்னதாக ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "ராத்திரியில் வலித்து எழுந்திருக்கிறாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் ஊசி வேண்டாம், குடையவும் வேண்டாம். சொத்தையை அப்படியே விட்டு மேலே ஒரு ஸ்டீல் கேப் போட்டு ஒட்டிவிடலாம்" என்றார். கேப் நுழைய இடம் வேண்டும் என்று பல்லிடுக்கில் ஒரு குட்டி ரப்பர் வளையம் வைத்து, நாலு நாள் கழித்து வரச் சொன்னார்.

தங்கமணி என்னைப் பார்க்க, நான் தங்கமணியைப் பார்க்க... சொத்தையைச் சுரண்டாமல் உள்ளேயே வைத்து மூடுவதா? அந்த நாலு நாளும் ஆபீஸ் விட்டு வந்ததும் எனக்கு இதே படிப்புதான்.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்குப் பதினொரு வயதில் கடைவாய்ப் பல்லில் ஊசிமுனை அளவு கறுப்பு. எங்கள் ஊர் டாக்டர் அதைக் குடைந்து, பக்கத்துப் பள்ளங்களையும் சேர்த்துக் குடைந்து, வெள்ளி வைத்து அடைத்தார். காலேஜ் படிக்கும்போது ஒரு பக்கச் சுவர் உடைந்தது. மறுபடி அடைத்தோம். இருபத்திரண்டு வயதில் பல்லே போனது. "சின்ன ஓட்டைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய குழி?" என்ற கேள்வி இத்தனை வருஷமாக மனசில் உட்கார்ந்திருந்தது.

பல்லைக் குடைவது நம் துணைக்கண்டத்துக்குப் புதுசு இல்லை. பலுசிஸ்தானில் மெஹர்கர் என்ற இடத்து இடுகாட்டில் ஒன்பது பேருடைய 11 கடைவாய்ப் பற்களில் துளை போட்டிருப்பதை 2006ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். வயது 7,500 முதல் 9,000 ஆண்டுகள். கருவி, கல் முனை வைத்த துரப்பணம். துளையின் விளிம்பு தேய்ந்திருப்பதால், அதற்கப்புறமும் அந்த மனிதர்கள் உயிரோடு இருந்து மென்று சாப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

அம்மா சொன்ன பூச்சிக்கும் வயசு அதிகம். பாபிலோனியக் களிமண் பலகையிலேயே பல் புழு இருக்கிறது. நம் பக்கம் கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தார்கள் என்றால், ஐரோப்பாவில் ஹென்பேன் என்ற செடியின் விதைப் புகை. புழுவையெல்லாம் நான் பார்த்ததே இல்லை என்று 1728ல் புத்தகம் எழுதியவர் பிரான்சின் பியேர் ஃபோஷார். அப்படியானால் பல்லை அரிப்பது யார்? 1890ல் வில்லோபி மில்லர் விடை சொன்னார். வாயில் இருக்கும் கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலம் விடுகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. ஆக, பூச்சி உண்டு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதற்குச் சாப்பாடு நாம் சாப்பிடும் இனிப்பு. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழியும் மாறியது. ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் தன் பற்களையே படம் எடுத்துவிட்டார். அதற்காக 25 நிமிஷம் ஆடாமல் அசையாமல் கிடந்தாராம்! இரண்டு பல்லுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் சொத்தை தெரிகிற மாதிரி, கடித்துக்கொண்டு எடுக்கும் படத்தை 1925ல் ஹோவர்ட் ரேப்பர் கொண்டுவந்தார். என் மகளுக்கு எடுத்தது அந்த வகைதான். ஒரு வினாடிகூட ஆகவில்லை.

இப்போது என் பல்லுக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஜி.வி. பிளாக், நவீனப் பல் அடைப்பின் தந்தை. 1908ல் வந்த அவருடைய புத்தகம் பல தலைமுறைக்கு வேதம். அவர் சீர்செய்த வெள்ளிக் கலவை பல்லில் ஒட்டாது. பூட்டு மாதிரி உள்ளே அகலமாக வெட்டினால்தான் நிற்கும். மறுபடி சொத்தை வராமலிருக்க, அழுக்கு தங்கும் பக்கத்துப் பள்ளங்களையும் வெட்டிச் சேர்த்துவிட வேண்டும் என்றார். ஃப்ளோரைடு பேஸ்ட் இல்லாத காலத்தில் அது நியாயமான யோசனைதான்.

பிளாக் இறந்த அதே 1915ல் அமெரிக்காவின் அயோவாவில் பல் மருத்துவம் படித்து முடித்தவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. 1920ல் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆரம்பித்தார், இதே கல்கத்தாவில். பணத்துக்கு 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை போட்டார். இனிப்பு சோடா விற்றுப் பல் காலேஜ் நடத்தியிருக்கிறார் மனுஷன்! இன்று அந்தக் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. பிளாக்கின் முறை நம் நாட்டுக் கல்லூரிகளிலும் பாடமாக வேரூன்றியது. எங்கள் ஊர் டாக்டரும் அதைத்தான் படித்திருப்பார். அவர் தப்புச் செய்யவில்லை. என் பல்லில் குழியின் அளவைத் தீர்மானித்தது சொத்தை இல்லை, அடைக்கிற வெள்ளி.

அடைக்கிற பொருள் மாறியதும் கதை மாறியது. உலோகத்தில் பெயின்ட் பிடிக்க அமிலம் தடவுவதைப் பார்த்து, 1955ல் மைக்கேல் புவனகோர் பல்லின் எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவினார். பிசின் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1962ல் ரஃபேல் போவென் அதற்கேற்ற பிசினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1972ல் லண்டனில் வில்சனும் கென்ட்டும் பல்லோடு தானே ஒட்டும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டை வெளியிட்டார்கள். எண்பதுகளில் டான்சானியாவில் ஜோ ஃபிரெங்கனும் கூட்டாளிகளும் கரண்ட், டிரில் எதுவும் இல்லாமல், கையால் மட்டும் சுரண்டி அந்த சிமென்ட்டால் அடைத்துக் காட்டினார்கள்.

அடுத்தது என் கேள்விக்கான பதில். 1998ல் மெர்ட்ஸ்-ஃபேர்ஹர்ஸ்ட் குழு பத்து வருஷ ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டது. வேண்டுமென்றே சொத்தையை உள்ளே விட்டு, மேலே காற்றுப்புகாமல் மூடிய பற்கள். உள்ளே சொத்தை வளரவில்லை. மில்லர் சொன்னதை நினைத்துப் பாருங்கள், இனிப்பு போகாவிட்டால் கிருமிக்குச் சாப்பாடு ஏது? ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற டாக்டரம்மா குழந்தைகளின் பால் பல்லில் இப்படித்தான் ஸ்டீல் கேப் போட்டுவந்தார். அதை 132 குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஐந்து வருஷம் கழித்து, பெரிய தொந்தரவு வந்தது கேப் போட்ட பற்களில் 3 சதவீதம், வழக்கமாக அடைத்த பற்களில் 16.5 சதவீதம்.

ஐந்தாம் நாள் போனோம். சிமென்ட் தடவி, கேப்பை வைத்து, கடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். அழுகை இல்லை. நான்தான் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி போனில் அம்மா கேட்டாள்: "பூச்சியை எடுத்தாச்சாய்யா?"

"இல்லம்மா, உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. பட்டினி போட்டாச்சு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "உன் பல்லுக்கும் அப்பவே இப்படிப் பண்ணியிருக்கலாம்லா" என்றாள்.

டிஸ்கி: எல்லாச் சொத்தைக்கும் இது ஆகாது. தானாக வலித்தாலோ, ராத்திரி தூங்கவிடாமல் வலித்தாலோ, ஈறு வீங்கியிருந்தாலோ வைத்தியமே வேறு. பால் பல்தானே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கடைவாய்ப் பால் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். அதுவரை அடுத்து வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதான்.