காசநோய்ச் சோதனை வளர்ந்த வரலாறு

நோயின் மூலத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. காசநோயைப் பொறுத்தவரை அம்மூலம் உலகிற்கு வெளிப்பட்ட நாள் 1882 மார்ச் 24 ஆகும். அன்று பெர்லின் நகரில் இராபர்ட் கோக் என்னும் செருமானிய அறிஞர், அந்நோயை விளைவிக்கும் நுண்கிருமியைக் கண்டறிந்த செய்தியை அறிவித்தார். அதனையடுத்து சீல், நீல்சன் ஆகியோர் அக்கிருமிக்குச் சாயமேற்றும் முறையைச் செம்மைப்படுத்தினர். அமிலத்தால் கழுவினும் அது தான் ஏற்ற சிவப்புச் சாயத்தை விடுவதில்லை. அப்பண்பே அதனைக் காட்டிக் கொடுத்தது.

நோயாளி இருமி உமிழும் கோழையைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்காடியில் காணும் இம்முறை எளியது, செலவு குறைந்தது. ஆதலின் உலகெங்கும் பரவி நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. எனினும், அதற்கு இரு குறைகள் உண்டு. ஒரு மில்லிலிட்டர் கோழையில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளேனும் இருந்தாலன்றி அவை புலப்படா என்பது ஒன்று. கோழையை வெளிக்கொணர இயலாத நோயாளிகள் பலர் உளர் என்பது மற்றொன்று.

அவர்களுள் முதலாவதாக எண்ணத்தக்கோர் குழந்தைகளே. சிறு குழந்தை கோழையை உமிழ்வதில்லை, விழுங்கிவிடுகிறது. அதன் உடலில் கிருமிகளின் தொகையும் குறைவு. எனவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மருத்துவர் சிலர், குழந்தையின் இரைப்பையிலிருந்து அக்கோழையை எடுக்க முற்பட்டனர். இரவெல்லாம் விழுங்கியதை, விடியலில் குழந்தை உண்ணுமுன் மூக்கின் வழியே குழாய் செலுத்தி உறிஞ்சுவதே அம்முறை. பயன் இருந்தது, ஆயினும் குழந்தைக்கு அது பெருந்துன்பம். மருத்துவமனை இல்லாத சிற்றூர்களுக்கோ அது எட்டாக் கனி.

2010 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த 'எக்ஸ்பெர்ட்' சோதனை புதிய வழியைத் திறந்தது. அது கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்திற்குள் இனங்காண்கிறது. ஒரு மில்லிலிட்டரில் நூற்றுச் சொச்சம் கிருமிகள் இருப்பினும் போதும். சிறிதளவே போதுமெனில், கோழையை மட்டும் ஏன் நாட வேண்டும்? விழுங்கிய கோழை குடலின் வழியே மலத்தில் சேர்கிறது. 2020-இல் அந்நிறுவனம் குழந்தைகளின் மலத்தையும் சோதனைக்குரியதென ஏற்றது. எச்.ஐ.வி. தொற்றால் நலிந்தோர்க்குச் சிறுநீரில் கிருமியின் புறச்சுவர்ப் பொருளைத் தேடும் சோதனை 2015-இலேயே பரிந்துரைக்கப்பட்டது.

அதே 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், தென்னாப்பிரிக்க நோயாளிகள் 20 பேரின் உட்கன்னத்தைத் துடைத்தெடுத்துச் சோதித்தனர்; 18 பேரிடம் கிருமியின் மரபணு காணப்பட்டது. பின்னர் நாக்கின் மேற்பரப்பே இதற்கு மேலும் ஏற்றதெனத் தெரிந்தது. கோழை தர இயல்வோரிடம் கோழையே இன்றும் மிகுதியாகக் காட்டுகிறது. தர இயலாதோர்க்கு நாக்கைத் துடைக்கும் சிறு பஞ்சுக்குச்சியும் பெருந்துணையாகும்.

ஆசிரியராகிய நாம் இவ்வரலாற்றில் கற்கத்தக்கது ஒன்றுண்டு. கோழையில் கிருமி காணப்படாத குழந்தை நோயற்ற குழந்தையன்று. சோதனைக்கு ஏற்ப நோயாளி அமைய வேண்டுமென உலகம் நெடுங்காலம் எதிர்பார்த்தது. நோயாளிக்கு ஏற்பச் சோதனையை அமைக்க முனைந்தபோதே மறைந்திருந்தோர் கண்ணுக்குப் பட்டனர். வகுப்பறைத் தேர்வுகளுக்கும் இது பொருந்தும் அன்றோ?