பாக்கி நூலைக் கேட்கப் போன நூலகர்

நூலகத்தில் இரவல் வாங்கிய நூலைத் திருப்பித் தராவிட்டால் என்ன ஆகும்? அபராதம் கட்டுவோம், அவ்வளவுதானே மாணவர்களே! லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரில் அந்தப் பாக்கிதான் ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

1941-இல் நகரைப் பிடித்த நாஜிகள், யூதர்களைக் கெட்டோ எனும் அடைப்புக் குடியிருப்பில் பூட்டினார்கள். அவர்களுடைய நூல்களையும் பறித்து அழித்தார்கள். பல்கலைக்கழக நூலகர் ஓனா ஷிமைத்தே, யூத மாணவர்களிடம் இருக்கும் நூலக நூல்களைத் திரும்பப் பெற வேண்டும் என்று காரணம் சொல்லி உள்ளே போக அனுமதி வாங்கினார். போகும்போது உணவு கொண்டுபோனார். வரும்போது கையெழுத்துப் படிகள், கடிதங்கள், நூல்களைக் கடத்தி வந்து ஒளித்து வைத்தார். 1944-இல் பிடிபட்டார். சித்திரவதைக்குப் பின் டாக்காவ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஆனாலும் உயிர் பிழைத்தார்.

வெறும் காகிதத்துக்கா இந்த ஆபத்து? இல்லை. ஆளைக் கொன்றவன் எழுத்தையும் அழித்துவிட்டால், அவர்கள் வாழ்ந்ததற்குச் சாட்சி ஏது? தேர்வில் இவரைப் பற்றி எழுதினால், அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.