பழைய டிராக்டர்களில் கருவி பொருத்துதல்

ஒரு நிறுவனத்தின் டிராக்டருக்கென்று செய்யப்பட்ட கலப்பை, புல்வெட்டி, மண் தள்ளும் பிளேடு முதலியவற்றை வேறொரு மாதிரி டிராக்டரில் மாட்டி வேலைவாங்கும் முறை. 1930-களிலிருந்து 1960 வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளிவந்த சிறு டிராக்டர்களை இன்னும் ஓட்டிவருவோர்க்கே இது பெரிதும் தேவைப்படுகிறது. அக்காலத்தில் பெரிய நிறுவனங்கள் ஆளுக்கொரு இணைப்பை வைத்திருந்தன. டிராக்டர் வாங்கியவர் கருவியையும் அவர்களிடமே வாங்கியாக வேண்டும் என்பதே அதன் உள்நோக்கம்.

தோற்றம்

தொடக்கத்தில் கருவிகள் டிராக்டரின் பின்புற இழுவைக் கம்பியில் கோத்து இழுக்கப்பட்டன. உழவு விலங்கு இருந்த இடத்தில் இயந்திரம் வந்தது, கலப்பை மாறவில்லை. 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால் முன்சக்கரங்கள் மேலெழும்பி, வண்டி ஓட்டுநர்மீதே மல்லாந்து விழும். உயிர்ச்சேதம் பல நேர்ந்தது.

இதற்கு விடை கண்டவர் ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884-இல் பிறந்தவர். முதல் உலகப்போரின்போது, அயர்லாந்தில் ஓடிய டிராக்டர்களைப் பார்வையிட்டுச் சீர்செய்யும் பொறுப்பு அரசால் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கலப்பையையும் டிராக்டரையும் ஒரே பொறியாக ஆக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அப்போதுதான். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க் என்பது அவர் வகுத்த மும்முனை இணைப்பு. கீழ்க் கைகள் கலப்பையை இழுக்கும். மண்ணின் எதிர்ப்பு டாப் லிங்க்கை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதல் ஒரு சுருள்வில்லை அமுக்கி ஹைட்ராலிக் வால்வை அசைக்க, கலப்பை தானாகவே சிறிது மேலேறி ஆழத்தைச் சரிசெய்துகொள்ளும். முன்பக்கமும் தூக்காது. கருவி பொருத்தும் கலையில் இதைவிடப் பெரிய பாய்ச்சல் வேறில்லை.

இதற்கான காப்புரிமையை ஃபெர்குசன் 1926-இல் பெற்றார். 1936-இல் ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டர் வந்தது. 1938 அக்டோபரில் ஹென்றி ஃபோர்டும் அவரும் எழுத்தில் எதுவும் இல்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டனர். அடுத்த ஆண்டு ஜூனில் ஃபோர்ட் 9என் வெளியானது. ஃபோர்டின் பேரன் நிர்வாகத்துக்கு வந்தபின் அந்த உறவு முறிந்தது. 1947-இல் ஃபோர்ட் நிறுவனம் அதே இணைப்போடு 8என் மாதிரியை விற்றது. ஃபெர்குசன் வழக்குத் தொடுத்தார், 1952-இல் 92.5 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் அது முடிந்தது. நியாயம் ஃபெர்குசன் பக்கமே இருந்தது. அவருடைய டிஇ20 டிராக்டர் 1946 முதல் கவென்ட்ரியில் தயாரானது. 9என், 8என், டிஇ20 மூன்றும் ஒரே மரபில் வந்தவை என்பதால் ஒன்றின் கலப்பை மற்றொன்றில் பெரிய சிக்கலின்றி அமர்கிறது.

போட்டி இணைப்புகள்

பிற நிறுவனங்கள் வேறு வழி தேடின. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஃபாஸ்ட் ஹிட்ச்சில் கருவியின் இரண்டு நீள்முனைகள் டிராக்டரின் இரண்டு குழிகளில் நுழைந்து பூட்டிக்கொள்ளும். அல்லிஸ்-சால்மர்ஸின் ஸ்னாப் கப்ளர், பின் அச்சுக்கு முன்னால் வண்டியின் அடியில் கருவியின் நாக்கைக் கவ்விப்பிடிக்கும். கேஸ் நிறுவனம் ஈகிள் ஹிட்ச்சைக் கொண்டுவந்தது. இவற்றுக்கான கருவிகளை மும்முனை இணைப்பில் மாட்ட இடைச்சட்டம் வேண்டும். கருவியின் மூலச் சட்டத்தை வெட்டிப் பற்றவைப்பது பிழையான வழி. பழைய நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அளவுகளும் மாட்டும் முறையும்

மும்முனை இணைப்பு அளவைப் பொறுத்து வகைப்படுத்தப்படுகிறது. முதல் வகை இணைப்பில் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. தடிமன். இரண்டாம் வகையில் முறையே 28, 25 மி.மீ. அளவுக்கு வரும். சிறிய பின்னைப் பெரிய துளையில் போட்டால் ஆட்டம் கொடுத்துத் துளை நீள்வட்டமாகிவிடும். அதற்கேற்ற புஷ் போடுவதே சரி.

மாட்டும்போது முதலில் இடது கை, பிறகு வலது கை, கடைசியில் டாப் லிங்க். வலது கையில்தான் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுப்பிடி உண்டு. இடதை மாட்டிவிட்டு அதைத் திருகினால் வலதுபக்கத் துளை தானே பின்னுக்கு நேராக வந்து நிற்கும். டாப் லிங்க்கைக் குட்டையாக்கினால் கலப்பையின் மூக்கு தாழ்ந்து ஆழமாக உழும்.

எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கடத்தும் பிடிஓ தண்டில்தான் பலர் தவறுகின்றனர். 9என், 8என் மாதிரிகளின் தண்டு விட்டத்தில் ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவு, 1 1/8 அங்குலம். பிற்காலப் புல்வெட்டிகளுக்கு 1 3/8 அங்குலம் வேண்டும். இந்த வேறுபாட்டை ஈடுகட்ட இடையில் போடும் உறை தண்டின் நீளத்தைக் கூட்டுவதால், கருவியை உயர்த்தும்போது இணைப்புத் தண்டு முட்டி பேரிங்கை உடைக்கும். அந்த இணைப்புத் தண்டை அளவு பார்த்து வெட்டியாக வேண்டும். மேலும், கிளட்சை மிதித்த பின்பும் சுழலும் புல்வெட்டியின் வேகம் டிராக்டரை முன்னே தள்ளும்; ஒருபக்கமாக மட்டும் சுழலும் கப்ளிங் பொருத்தாமல் இவற்றில் புல்வெட்டி ஓட்டுவது ஆபத்து. ஹைட்ராலிக் பம்ப்பும் பிடிஓ வழியே ஓடுவதால், கிளட்சை மிதித்தால் லிஃப்ட்டும் நின்றுவிடும்.

தற்போதைய நிலை

காப்புரிமைக் காலம் முடிந்ததும் பிற நிறுவனங்களும் படிப்படியாக மும்முனை இணைப்புக்கு மாறின. இன்று அதன் அளவுகள் ஐஎஸ்ஓ 730 தரத்தில் அடங்குகின்றன. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களிலும் இதே இணைப்புதான் உள்ளது.