வீட்டுக்கு வராத இருட்டு

2023-ல் ஒரு நாள் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். விஸ்காம் முதல் வருடம். வகுப்பில் யாரோ சொன்னார்களென்று 'நாயகன்' பார்த்திருக்கிறாள். போனில், இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த பிரதியில். "ஒளிப்பதிவுக்கு நேஷனல் அவார்டுங்கறாங்க மாமா, எனக்கு ஒண்ணுமே தெரியல. பாதிப் படம் இருட்டு, மீதி கட்டம் கட்டமா இருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பி.சி. ஸ்ரீராமுக்காக வாதாட வாயெடுத்தவன், அவள் போனை வாங்கிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அவள் சொன்னது சரி. நாயக்கரின் வீட்டுக்குள் ஒரு பக்கம் வெளிச்சம் விழும், மறு பக்கம் முகம் கொஞ்சம் கொஞ்சமாக நிழலுக்குள் கரையும். அந்தக் கரைதல்தான் அந்த ஒளிப்பதிவு. போனில் அது தார் பூசிய சுவர் மாதிரி இருந்தது. மூலையில் ஏதோ ஒரு சேனலின் முத்திரை வேறு.

யோசித்துப் பார்த்தால் நானும் அந்தப் படத்தை முதலில் இப்படித்தான் பார்த்தேன். டெக் வாடகைக்கு எடுத்த காலம். கலர் டிவி, டெக், மூன்று கேசட், விடிவதற்குள் மூன்றையும் பார்த்து முடிக்க வேண்டும். 1976-ல் ஜேவிசி நிறுவனம் ஜப்பானில் கொண்டுவந்த விஎச்எஸ்ஸின் துல்லியமே ஏறக்குறைய 240 கோடுகள்தான். அதிலும் கடையில் கிடைத்தது பிரதியின் பிரதியின் பிரதி. ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் நிறம் வெளிறும், இரைச்சல் கூடும். இரவுக் காட்சி வந்தால் பெரியப்பா கயிற்றுக் கட்டிலிலிருந்து குரல் கொடுப்பார்: "டேய், பிரைட்னஸைக் கூட்டுடா!" கூட்டினால் இருட்டு சாம்பலாகும், அவ்வளவுதான். முகம் தெரியாது. கதை தெரிந்தால் போதும் என்று இருந்தோம். வீட்டில் படம் பார்ப்பதன் வரலாறு முழுக்க இந்த 'போதும்' ஓடிக்கொண்டே இருக்கிறது.

பிறகு விசிடி. 1993-ல் பிலிப்ஸ், சோனி முதலிய நிறுவனங்கள் சேர்ந்து இதன் வரையறையை வெளியிட்டன. மேற்கே யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. ஆசியா அள்ளிக்கொண்டது. காரணம் எளிது: நம் ஈரக்காற்றில் கேசட்டுக்குப் பூஞ்சை பிடிக்கும், ஹெட்டைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிடிக்கு அந்த வம்பு இல்லை, விலையும் மலிவு. ஆனால் ஒரு சிடியில் 74 நிமிடப் படத்தை அடக்கியாக வேண்டும். அதற்காகப் படத்தை 352-க்கு 288 புள்ளிகளாகச் சுருக்கி, நொடிக்கு 1.15 மெகாபிட்டில் ஓட்டினார்கள். இடைவேளை வருவதற்கு முன்பே முதல் சிடி முடிந்துபோன படங்கள் எத்தனை! நம்ம ஊரில் இதற்கு 'திருட்டு விசிடி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2004-ல் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவரும் அளவுக்குப் போனது. தியேட்டருக்குள் கேமராவை ஒளித்து எடுத்த பிரதியில் ஒளிப்பதிவைப் பற்றிப் பேசவே முடியாது. நியாயமாகக் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் விசிடியிலும் இருட்டு கட்டம் கட்டமாகத்தான் உடைந்தது.

ஏன் எப்போதும் இருட்டே முதலில் உடைகிறது? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. டிஜிட்டல் வீடியோ எதுவானாலும், விசிடியோ இன்றைய ஓடிடியோ, படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறது. கட்டத்துக்குள் இருக்கும் நுட்பமான வேறுபாடுகளில் கண்ணுக்குப் படாது என்று அது கணிப்பவற்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. வெயிலில் எடுத்த காட்சியில் இது தெரியாது. நிழலுக்குள் இருக்கும் ஒரு கன்னத்தில், ஓர் இருட்டுக்கும் அதைவிடச் சற்றே குறைந்த இன்னோர் இருட்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் மொத்தப் படமும். அதையே அது குப்பை என்று ஒதுக்குகிறது. 8 பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை சுமார் 220 படிகள்தான் உண்டு. இருட்டின் பங்குக்கு வருவது அதில் சில படிகள். அவற்றிலும் பாதியைத் தூக்கிப் போட்டால், மெல்லக் கரைய வேண்டிய நிழல் வரப்பு கட்டியதுபோலப் பட்டை பட்டையாக நிற்கும்.

இன்னொன்று, பிலிம் மணி. பிலிமில் எடுத்த படத்தில் ஒவ்வொரு பிரேமிலும் மணி மணியான துகள்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த பிரேமில் எது மாறவில்லையோ அதைத் திரும்பச் சொல்லாமல் விட்டுத்தான் வீடியோ சுருக்கம் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. எல்லாமே மாறிக்கொண்டிருந்தால் அதற்குச் செலவு எகிறிவிடும். அதனால் மணியைத் துடைத்துவிடுகிறார்கள். மணியோடு தோலின் துளைகளும் நெசவின் இழையும் போய்விடும். முகம் மெழுகாகும். ஏவி1 என்கிற புதிய முறையில் மணியைத் துடைத்து அனுப்பிவிட்டு, பார்ப்பவரின் திரையில் செயற்கையாக மணி தூவிக்கொள்ளும் வசதியே இருக்கிறது. கெட்டிக்கார ஏற்பாடுதான். எனக்கென்னவோ வடித்த சோற்றுக்கு மறுபடி உமி தூவுவது மாதிரி தோன்றுகிறது.

இங்கே 'காட்பாதர்' கதையைச் சொல்லியாக வேண்டும். 'நாயகன்' பேச்செடுத்தால் எப்படியும் அது வந்துவிடும். நான் சொல்ல வருவது கதை ஒற்றுமையை அல்ல. 1972-ல் கார்டன் வில்லிஸ் அந்தப் படத்தை எடுத்தபோது, மேலிருந்து விளக்கைத் தொங்கவிட்டு மார்லன் பிராண்டோவின் கண்களையே நிழலில் மறைத்தார். ஸ்டூடியோக்காரர்கள் இருட்டாக இருக்கிறதென்று புலம்பினார்கள். படம் ஓடிய ஓட்டத்தில் மூல நெகடிவிலிருந்து ஏராளமாகப் பிரதியெடுத்து, நெகடிவ் கிழிந்து தேய்ந்து போனது. பிற்பாடு ராபர்ட் ஹாரிஸ் என்ற மீட்புக் கலைஞர் அதைச் சீர்செய்தார். எந்த நிழல் எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும், மஞ்சள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு வில்லிஸிடமே ஆலோசனை கேட்டுச் செய்த வேலை அது. 2008-ல் ப்ளூ-ரே டிஸ்க்காக வந்தது. 2022-ல், படத்தின் ஐம்பதாவது வருடத்துக்கு, 4கே டிஸ்க். வில்லிஸ் 2014-ல் இறந்துவிட்டார். அவர் விரும்பிய கறுப்பு இன்றும் ஒரு டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறது. இன்று போட்டாலும் பத்து வருடம் கழித்துப் போட்டாலும் அதே கறுப்பு.

டிஸ்க்கின் பெருமை இந்த 'அதே'தான். டிவிடி 1996-ல் ஜப்பானிலும் மறுவருடம் அமெரிக்காவிலும் வந்தது. விசிடியைவிட நாலு மடங்கு புள்ளிகள். தமிழ்நாட்டில் அது சாமானியர் கைக்கு வந்தது 2007-ல், மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தபோது. பெட்டிக்கடையில் பிஸ்கட் பக்கத்தில் எல்லாம் டிவிடி தொங்கியது. ப்ளூ-ரேவுக்கும் எச்டி-டிவிடிக்கும் நடந்த சண்டை 2008 பிப்ரவரியில் தோஷிபா பின்வாங்கியதோடு முடிந்தது. அந்தச் சண்டை இங்கே யாருக்கும் தெரியவே தெரியாது. ப்ளூ-ரே பிளேயர் வாங்குகிற அளவுக்கு நம் வீடுகள் வருவதற்குள் காலம் மாறிவிட்டது. 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் ஜியோ, டிசம்பரில் பிரைம் வீடியோ. ஒரே வருடம். சிடி கடைகள் மொபைல் ரீசார்ஜ் கடைகளாயின. மோசர் பேர் 2018-ல் திவாலாகிக் கலைப்புக்குப் போனது.

ஸ்ட்ரீமிங் மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல டிவியில், நல்ல இணைப்பில் ஓடும் 4கே படம் பழைய டிவிடியைவிட எவ்வளவோ மேல். 10 பிட் நிறம், எச்டிஆர் எல்லாம் அதிலும் உண்டு. சிக்கல் அளவில் இருக்கிறது. 4கே பார்க்க நெட்பிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். அந்த வேகத்தை முழுசாகப் பயன்படுத்தினாலும் இரண்டு மணி நேரப் படத்துக்கு 13.5 ஜிபி. அதே நீளப் படம் 4கே டிஸ்க்கில் 60, 70 ஜிபி வரை இடம் எடுத்துக்கொள்ளும். ஒலியிலும் அப்படித்தான். டிஸ்க்கில் இழப்பில்லாத ஒலித்தடம், ஓடிடியில் நொடிக்கு 640, 768 கிலோபிட் என்று சுருக்கிய ஒலி. இதைவிட அதிகமாக அனுப்ப முடியாதா என்றால், முடியும். சோனி தன் டிவிகளுக்கென்று நடத்தும் சேவையில் 80 மெகாபிட் வரை அனுப்புகிறது. கோடிக்கணக்கான பேருக்கு அப்படி அனுப்பினால் கட்டுப்படியாகாது. கணக்குப்பிள்ளை போட்ட எல்லை அது.

அந்த எல்லை நிலையானதும் இல்லை. இணையம் தடுமாறினால் படம் தானாகவே தரம் இறங்கிக்கொள்ளும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஐரோப்பாவில் நெட்பிளிக்ஸ் தன் பிட்ரேட்டைக் குறைத்தது. இந்தியாவில் ஓடிடி நிறுவனங்கள் சேர்ந்து, மொபைல் நெட்வொர்க்கில் 480-க்கு மேல் தருவதில்லை என்று கொஞ்ச நாளைக்கு முடிவெடுத்தன. நெருக்கடி நேரம், நியாயமான முடிவுதான். ஆனால் அதற்கு முந்தின வருடமே, 2019 ஜூலையில், நெட்பிளிக்ஸ் இங்கே 199 ரூபாய்க்கு மொபைல் திட்டம் கொண்டுவந்தது. அதன் தரமும் அதே 480. அமெரிக்க டிவிடியில் 1997-ல் இருந்த அதே கோட்டு எண்ணிக்கை. இருபத்திரண்டு வருடம் சுற்றி வந்து அதே இடத்தில் நின்றோம். பெரியப்பாவின் 'பிரைட்னஸைக் கூட்டுடா' மட்டும் விரலால் திரையில் தடவுவதாக மாறியிருக்கிறது.

2019 ஏப்ரல் 28 அன்று 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் 'தி லாங் நைட்' அத்தியாயம் வெளியானது. 55 இரவுகள் எடுத்த போர்க் காட்சி. ஒண்ணுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கக் கூச்சல். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், தான் எடுத்தது இருட்டாக இல்லை, ஒளிபரப்பின் சுருக்கமும் வீட்டு டிவிகளின் அமைப்பும்தான் பிரச்சினை என்றார். பலர் சிரித்தார்கள். அந்த டிசம்பரில் டிஸ்க் வந்தபோது புகை தனியாக, பனி தனியாக, ஆள் தனியாகப் பிரிந்து தெரிந்தது. இருட்டாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே ஆட்கள் இருந்தார்கள். வாக்னருக்கு ஒரு சாட்சி கிடைத்தது என்றே அதைச் சொல்வேன்.

ஸ்ரீராமுக்கு அப்படிச் சாட்சி சொல்ல வீட்டில் என்ன இருக்கிறது? தமிழ் டிவிடிகள் பலவற்றை நான் சேர்த்துவைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவற்றில் பெரும்பாலானவை கேவலம். ஒரே டிஸ்க்கில் மூன்று படங்களைத் திணித்தவை, அகலத்திரைப் படத்தை இரு பக்கமும் வெட்டியவை, பாட்டுக்கு நடுவில் கம்பெனி முத்திரை மிதப்பவை. டிஸ்க் என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது. ஹாலிவுட்டிலும் 'பிரிடேட்டர்' படத்தின் 2010 ப்ளூ-ரேயில் மணியைத் துடைத்துத் துடைத்து ஷ்வார்ஸ்னேக்கரை மெழுகு பொம்மையாக்கினார்கள். ஆனால் அங்கே ரசிகர்கள் திட்டினார்கள், டிஸ்க்கைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டார்கள். நாம் அந்தக் கட்டத்துக்கே போகவில்லை. மோசமான விசிடியிலிருந்து நேராக ஓடிடிக்குத் தாவிவிட்டோம். நல்ல டிஸ்க் என்ற ஒரு படிக்கட்டு நமக்கு இல்லாமலே போனது. வெளியிலும் அந்தப் படிக்கட்டைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாம்சங் 2019-ல் அமெரிக்காவில் புதிய ப்ளூ-ரே பிளேயர்கள் கொண்டுவருவதை நிறுத்தியது. 1998 முதல் தபாலில் டிவிடி அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ், கடைசி சிவப்பு உறையை 2023 செப்டம்பர் 29 அன்று அனுப்பியது.

அந்த நவம்பரில் 'நாயகன்' 4கே-யாக மெருகேற்றப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தது. அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னால் ஒரு கூட்டம் வசனங்களை நடிகர்களுக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தது. இவள் இடைவேளைவரை வாயே திறக்கவில்லை. மழைக் காட்சியில் மட்டும் என் பக்கம் சாய்ந்து, "மாமா, அந்த ஓரத்துல ஒரு ஆள் நிக்கறாரு, பார்த்தீங்களா?" என்றாள். நான் அந்தப் படத்தைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். அந்த ஆளைப் பார்த்ததில்லை.

வெளியே வரும்போது, இதே மாதிரி வீட்டில் பார்க்க என்ன வழி என்று கேட்டாள். பரணில் இருந்த டிவிடியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன், இதில் பாதி இருட்டாவது வரும் என்று சொல்லி. ஊருக்குப் போய் போன் பண்ணினாள். அவள் லேப்டாப்பில் டிஸ்க் போடுவதற்கு இடமே இல்லையாம்.