நாலு பேய், நாலு குணம்: 'பேக்-மேன்' டி.வி-க்குள் வந்த கதை

90-களில் வளர்ந்த அண்ணனோ அக்காவோ இருந்தால், 'சின்ன வயசுல டி.வி-ல என்ன கேம் விளையாடினீங்க?'னு கேட்டுப் பாருங்க. வில்லியனூரோ, பாகூரோ, பதில் ஏறத்தாழ ஒண்ணாத்தான் இருக்கும். மரியோ, கான்ட்ரா, டேங்க் கேம், அப்புறம் புள்ளி தின்னுகிட்டே ஓடுற ஒரு மஞ்சள் உருண்டை. அந்த உருண்டைதான் 'பேக்-மேன்'. இப்ப உங்க போன்லயும் அது இருக்கு. ஆனா, போன்ல இருக்கிற எல்லாமே நிஜ பேக்-மேன் இல்லை. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, இந்த கேம் ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்கு எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சா போதும்.

பிறந்த கதை

ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த டோரு இவாடானிதான் இதை உருவாக்கியவர். 1980 மே 22-ம் தேதி டோக்கியோவில் முதன்முதலாக மக்கள் விளையாடிப் பார்க்க வைத்தார்கள். அப்போது பெயர் 'பக்-மேன்'. அதே வருடம் அமெரிக்காவுக்குப் போனபோது, பெயரின் முதல் ஆங்கில எழுத்தை யாராவது சுரண்டி கெட்ட வார்த்தையாக்கிவிடுவார்கள் என்று பயந்து 'பேக்-மேன்' என்று மாற்றினார்கள்.

அந்தக் காலத்து ஆர்கேட் கடைகளில் பெரும்பாலும் சுடுகிற விளையாட்டுகள்தான். பெண்களும் ஜோடிகளும் வந்து விளையாடணும் என்று நினைத்த இவாடானி, 'சாப்பிடுவது' என்ற விஷயத்தை வைத்து யோசித்தார். அதனால் துப்பாக்கி இல்லை, வாய் மட்டும்தான்.

விதிமுறை ரொம்ப எளிது. ஒரு சுற்றில் 240 சின்னப் புள்ளிகள், 4 பெரிய புள்ளிகள். சின்னதுக்கு 10 மார்க், பெரியதுக்கு 50. பெரிய புள்ளியைத் தின்றால், துரத்துகிற பேய்கள் நீல நிறமாகிப் பயந்து ஓடும். அப்போது அடுத்தடுத்து பிடித்தால் 200, 400, 800, 1,600 என்று மார்க் இரட்டிப்பாகும். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடு திடீர்னு புலியாகிச் சில நொடிகள் திருப்பித் துரத்தினா எப்படி இருக்கும்? அதுதான் இதோட கிக்.

பேய்க்கும் மூளை உண்டு

நாலு பேயும் சும்மா சுத்துறதா நினைச்சீங்கன்னா தப்பு. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலைச் சுற்றியிருக்கிற மாட வீதிகளில் ஓடிப்பிடிச்சு விளையாடுறீங்கன்னு வைங்க. எல்லாரும் பின்னாடியே ஓடினால் ஆளைப் பிடிக்க முடியாது. ஒருத்தர் துரத்தணும், இன்னொருத்தர் அடுத்த முனையில் போய் மறிக்கணும். பேய்கள் செய்வதும் அதையேதான்.

* பிளிங்கி (சிவப்பு): நீங்கள் நிற்கும் இடத்துக்கே நேராக வரும்.
* பிங்க்கி (இளஞ்சிவப்பு): உங்கள் முகம் பார்க்கும் திசையில் 4 கட்டம் தள்ளியுள்ள இடத்தைக் குறிவைக்கும். மறிக்கிற ஆள் இதுதான்.
* இன்க்கி (நீலம்): உங்கள் இடம், சிவப்புப் பேயின் இடம் இரண்டையும் சேர்த்துக் கணக்கு போடும். எங்கே வரும் என்று யூகிப்பது கஷ்டம்.
* கிளைட் (ஆரஞ்சு): தூரத்தில் இருக்கும்போது துரத்தும். 8 கட்டத்துக்குள் வந்துவிட்டால், தன் மூலையைப் பார்த்துத் திரும்பிவிடும்.

இன்னொரு ரகசியமும் இருக்கு. பேய்கள் விடாமல் துரத்துவதில்லை. முதல் சுற்றில் 7 விநாடி தங்கள் மூலைகளுக்குப் பிரிந்து போகும், அப்புறம் 20 விநாடி துரத்தும், திரும்பவும் பிரியும். மூச்சு வாங்க நமக்குக் கிடைக்கிற கேப் அது. பக்கவாட்டுச் சுரங்க வழியில் நுழைந்தால் பேய்களின் வேகம் குறையும், உங்கள் வேகம் குறையாது. மாட்டிக்கிட்டோம்னு தோணும்போது ஓட வேண்டிய இடம் அதுதான்.

வீட்டுக்கு வந்து சொதப்பியது

ஒரு மெஷினுக்காக எழுதிய கேமை வேறொரு மெஷினுக்கு மாற்றி எழுதுவதை 'போர்ட்' என்பார்கள். பேக்-மேனின் மிகப் பிரபலமான போர்ட், 1982-ல் அட்டாரி 2600 பெட்டிக்கு வந்தது. எழுதியவர் டாட் ஃப்ரை. அவருக்குக் கிடைத்த கேட்ரிட்ஜ் கொள்ளளவு வெறும் 4 கே.பி. பெட்டியின் ரேம் 128 பைட். கே.பி இல்லை, பைட்! இந்தப் பத்தியை சேமிக்கக்கூட அந்த ரேம் பத்தாது.

விளைவு? நாலு பேயையும் ஒரே நேரத்தில் திரையில் காட்ட முடியவில்லை. மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகக் காட்டியதால் எல்லாம் மினுக்கின. எது எந்தப் பேய் என்று பிரித்துப் பார்ப்பதே சிரமம். புள்ளிகள் கோடுகளாயின. பக்கவாட்டில் இருந்த சுரங்க வழி மேலேயும் கீழேயும் போய்விட்டது. ஆனாலும் 70 லட்சத்துக்கும் மேல் விற்றது. வாங்கியவர்களில் பலர் ஏமாந்தார்கள். 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்த ஏமாற்றமும் ஒன்று.

'பெட்டி சின்னது, அவர் என்ன செய்வார்?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 1983-ல் அதே பெட்டிக்கு 'மிஸ் பேக்-மேன்' வந்தது. கேட்ரிட்ஜ் 8 கே.பி ஆனது, ரேம் அதே 128 பைட்தான். பேய்கள் மினுக்குவது நன்றாகக் குறைந்தது, சுவர்களும் ஆர்கேட் சாயலுக்கு வந்தன. கொஞ்சம் கூடுதல் இடமும், எதை விடக் கூடாது என்ற தெளிவும் சேர்ந்தால் அதே பழைய பெட்டியில்கூட நல்ல போர்ட் செய்யலாம் என்று நிரூபித்தது அது.

நம்ம ஊருக்கு வந்தது எது?

1984 நவம்பரில் நாம்கோவே, நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்கு பேக்-மேனை மாற்றியது. ஆர்கேட் திரை நின்றவாக்கில் உயரமானது, வீட்டு டி.வி படுத்தவாக்கில் அகலமானது. அதனால் வழிகளைச் சுருக்கி இடப்பக்கம் வைத்துவிட்டு, ஸ்கோரை வலப்பக்கம் தள்ளினார்கள். பேய்கள் நாலும் தெளிவாக, தனித்தனி நிறத்தில் வந்தன.

90-களில் இந்தியாவில் 'சாமுராய்' உள்ளிட்ட பல பெயர்களில் விற்ற டி.வி கேம் பெட்டிகள் இந்த ஃபேமிகாமின் வழி வந்தவை. '9999 இன் 1' என்று எழுதிய கேட்ரிட்ஜ் ஞாபகம் இருக்கா? உள்ளே இருந்தது சில கேம்கள்தான். அதையே பெயர் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். ஃபேமிகாமின் ஆரம்பகால கேம்கள் அளவில் ரொம்பச் சின்னவை என்பதால், ஒரே கேட்ரிட்ஜில் பலதைத் திணிக்க முடிந்தது. நம்ம அண்ணன்கள் ஆர்கேட் கடைப் பக்கமே போகாமல் வீட்டிலேயே பேக்-மேன் ஆடியது இப்படித்தான்.

போனில் ஒரு டெஸ்ட்

ஆப் ஸ்டோரில் தேடினால் மஞ்சள் உருண்டைகள் வரிசைகட்டி நிற்கும். டவுன்லோடு செய்ததும் இந்த நாலையும் பாருங்க.

1. பெரிய புள்ளியைத் தின்றதும், துரத்திய பேய்கள் சட்டென்று எதிர்த்திசையில் திரும்புகின்றனவா?
2. சுரங்க வழியில் பேய் மெதுவாகிறதா?
3. இளஞ்சிவப்புப் பேய் முன்னால் வந்து மறிக்கப் பார்க்கிறதா?
4. ஆரஞ்சுப் பேய் கிட்ட வந்ததும் விலகுகிறதா?

நாலுக்கும் 'ஆமாம்' என்றால், ஆர்கேட் கேமை மதித்துச் செய்த போர்ட் அது. பேய்கள் கண்மூடித்தனமாகச் சுற்றினால், மஞ்சள் பெயின்ட் அடித்த வேறு ஏதோ ஒன்று. நடுநடுவே வரும் விளம்பரங்களுக்காக உங்கள் டேட்டாவைக் கரைக்க வேண்டாம். எதுவும் டவுன்லோடு செய்யாமல் பார்க்கணும்னா, 30-வது பிறந்தநாளுக்காக 2010 மே மாதம் கூகுள் வெளியிட்ட பேக்-மேன் டூடுலை பிரவுசரிலேயே விளையாடலாம்.

கடைசியா ஒண்ணு. ஆர்கேட் பேக்-மேனுக்கு முடிவு என்று எதையும் எழுதவில்லை. ஆனால் சுற்று எண்ணை ஒரே ஒரு பைட்டில் வைத்திருந்தார்கள். அதில் 255-க்கு மேல் எண்ண முடியாது. 256-வது சுற்றில் கணக்கு உடைந்து, திரையின் வலது பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடும். அதைத் தாண்ட முடியாது. ஒரு உயிர்கூட விடாமல், எதையும் தவறவிடாமல் அதுவரை ஆடினால் கிடைக்கும் உச்ச மார்க் 33,33,360. பாகூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் முடிக்கிற வேலை இல்லை. முதலில் 10,000 எடுங்க. ஒரு உயிர் போனஸாகக் கிடைக்கும்.