புரோட்டீன் ஷேக், கஞ்சித் தொட்டி, ஒன்றரை அவுன்ஸ் பருப்பு

கேம்ப் ரோடு பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. மாஸ்டர் முதல் நாளே சொல்லிட்டார்: காலையில் இட்லி தோசையை விட்டுட்டு ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடரைத் தண்ணியில் கலக்கிக் குடிங்க, 24 கிராம் புரோட்டீன், 120 கலோரிதான்னு. கணக்கு சரிதான். ஆனா சேலையூரில் குடிச்ச ஷேக் மேடவாக்கம் தாண்டறதுக்குள்ள வயித்துல இருந்து காணாமப் போயிடுது. சோழிங்கநல்லூர் போய் பொட்டியைத் திறந்து முதல் ஆணியைப் புடுங்கறதுக்குள்ள பசி. பத்தரை மணிக்கு கேன்டீனில் ரெண்டு சமோசா. காலையில் மிச்சம் பிடிச்ச கலோரி எல்லாம் வட்டியோட போச்சு.

கலோரி ஏறாம இதே ஷேக்கை வயிறு நிறையற மாதிரி பண்ண முடியுமான்னு தேட ஆரம்பிச்சேன். அது எங்கெங்கேயோ சுத்தி 1877ல் கொண்டுபோய் விட்டுது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

முதல்ல விஷயத்துக்கு. வயிறு நிறைஞ்சுதுன்னு மூளைக்குத் தகவல் போறதுல கலோரிக்கு மட்டும் இல்லை, கொள்ளளவுக்கும் பெரிய பங்கு உண்டு. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலையில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 2000ல் ஒரு சோதனை பண்ணினாங்க. ஒரே பொருட்கள், ஒரே கலோரி உள்ள மில்க் ஷேக்கைக் கூடக்குறைய அடிச்சு, காத்தைச் சேர்த்து, 300, 450, 600 மில்லின்னு மூணு அளவாக்கி, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி கொடுத்தாங்க. 600 மில்லி குடிச்ச நாளில், 300 மில்லி குடிச்ச நாளைவிடச் சுமார் 12 சதவீதம் குறைவா சாப்பிட்டாங்களாம். கூடுதலா உள்ளே போனது வெறும் காத்து!

1999ல் அதே குழு பண்ணின சோதனை எனக்கு இன்னும் பிடிச்சுது. கோழியும் அரிசியும் சேர்த்த ஒரு உணவு. அதோட ஒரு டம்ளர் தண்ணியைத் தனியா குடிச்சா பெரிய வித்தியாசம் இல்லை. அதே தண்ணியை அதுக்குள்ளேயே ஊத்தி சூப்பாக்கிக் கொடுத்தா, அடுத்த வேளையில் கிட்டத்தட்ட 100 கலோரி குறைவா சாப்பிடறாங்க. தனியா குடிச்ச தண்ணி வயித்துல தங்காது. உணவோட கலந்து கெட்டியா போனா மெதுவாத்தான் இறங்கும்.

இதைப் படிச்சதும் நான் ஙேன்னு முழிச்சேன். ஏன்னா இதுக்கு நம்ம ஊரில் பேரு கஞ்சி. ஒரு கைப்பிடி அரிசியையோ கேழ்வரகு மாவையோ வச்சு ஒரு சொம்பு நிறைய வயித்துக்குள்ள அனுப்புற தொழில்நுட்பம். (இங்கிலீஷ்காரங்க 'காஞ்சி'ன்னு சொல்ற வார்த்தையே நம்மகிட்ட இருந்து போனதுதான். கம்பெனி காலத்தில் பட்டாளத்து லாக்கப்புக்கு 'காஞ்சி ஹவுஸ்'னு பேரு, உள்ளே அதுதான் சாப்பாடு.)

கஞ்சியோட சரித்திரத்தில் எல்லாரும் சொல்ற கதை ஆற்காடு முற்றுகை. 1751ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டு 50 நாள் தாக்குப்பிடிச்சார். தானியம் தீர்ந்துக்கிட்டே வந்தப்ப நம்ம சிப்பாய்கள் அவர்கிட்ட வந்து, சோத்தை வெள்ளைக்காரங்களுக்குக் கொடுங்க, வடிச்ச கஞ்சித் தண்ணி எங்களுக்குப் போதும்னு சொன்னாங்களாம். மெக்காலே 1840ல் எழுதின கட்டுரையால் இது உலகப் புகழ் அடைஞ்சுது. எனக்கு இதுல விசுவாசக் கதை வாடை கொஞ்சம் தூக்கலாவே அடிக்குது. நடந்திருந்தாலும், அந்தச் சிப்பாய்களுக்கு வயிறு ரொம்பியிருக்கும், அவ்வளவுதான். சத்தெல்லாம் சோத்தோட அந்தப் பக்கம் போயிடுச்சு.

அடுத்து கஞ்சித் தொட்டி. வடசென்னைக்காரங்க ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782 வாக்கில், பசியோட பட்டணத்துக்கு வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்த ஆரம்பிச்ச இடம் மணியக்காரர் சத்திரம். ஆஸ்பத்திரியோட வேர் அங்கேதான் இருக்கு.

இப்ப 1876-78 தாது வருஷப் பஞ்சம். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 55 லட்சம் பேருக்குக் குறையாம செத்தாங்கன்னு கணக்கு. நிவாரணச் செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் 1877 ஆரம்பத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிளை மதராஸுக்கு அனுப்பினார். இந்த டெம்பிள் சுவாரஸ்யமான ஆளு. 1874ல் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலா இறக்கி, சாவே அதிகம் இல்லாம பார்த்துக்கிட்டவர். அதுக்குப் பாராட்டு கிடைக்கலை, காசை வாரி இறைச்சுட்டார்னு திட்டுதான் கிடைச்சுது. இந்தத் தடவை அந்தப் பேரைத் துடைக்கணும்னு வந்தவர் மாதிரிதான் நடந்துக்கிட்டார். நிவாரண வேலையில் மண்ணு வெட்டுற ஆம்பளைக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். பொம்பளைக்கும் வேலை செய்யற சிறுவருக்கும் அதைவிடக் கம்மி. சரித்திரத்தில் இதுக்கு 'டெம்பிள் கூலி'ன்னே பேரு.

எதிர்த்து நின்னவர் மதராஸ் மாகாண சுகாதார கமிஷனர் டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். அவர் கேட்டது குறைஞ்சது ஒன்றரை பவுண்டு தானியம், அதுக்கு மேல காய்கறியும் புரதமும். கடுமையா உழைக்கிற உடம்புக்கு அது இல்லாம முடியாதுங்கறது அவர் வாதம். லிட்டன் டெம்பிள் பக்கம். ஆனாலும் 1877 மார்ச்சில் மதராஸ் அரசு பாதி வழி இறங்கி வந்து, ஒண்ணேகால் பவுண்டு தானியமும் ஒன்றரை அவுன்ஸ் பருப்பும்னு உயர்த்துச்சு.

பொட்டி தட்டுறவன் ஆச்சே, எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். தானியத்தை அரிசின்னு வச்சுக்கிட்டு இன்றைய உணவுச்சத்து அட்டவணைப்படி உத்தேசமாத்தான். டெம்பிள் கொடுத்த ஒரு பவுண்டில் (454 கிராம்) 1600 கலோரி, 34 கிராம் புரோட்டீன். கார்னிஷ் கேட்ட ஒன்றரை பவுண்டு தானியத்தில் மட்டும் 2400 கலோரி, 51 கிராம். மார்ச் சமரசத்தில் 2150 கலோரி சொச்சம், 52 கிராம். கலோரியில் கார்னிஷ் கேட்டதை எட்டலை. ஆனா புரோட்டீன் எட்டிடுச்சு, அந்த 43 கிராம் பருப்பு செஞ்ச வேலை. வெயிலில் நாள் முழுக்க மண்ணு சுமக்கிறவனுக்கு 1600 கலோரி! ஏசி ரூமில் உட்கார்ந்தே இருக்கிற எனக்கு உடம்பு குறைக்க மாஸ்டர் கொடுத்த டயட் சீட்டில் 1700 போட்டிருக்கு.

ஒரு பவுண்டு அரிசியைக் கஞ்சியா காய்ச்சினா நாலு லிட்டருக்குக் குறையாது. ஒரு குடும்பமே குடிக்கலாம், வயிறும் ரொம்பும். பாத்திரத்தைப் பார்க்கிற அதிகாரிக்கு நிறையத்தான் தெரியும். கார்னிஷ் பார்த்தது பாத்திரத்தை இல்லை, உடம்பை. வயிறு நிறையறது ஒரு கணக்கு, உடம்புக்குச் சேர்றது வேற கணக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. நான் இப்ப காசு கொடுத்துத் தேடிக்கிட்டு இருக்கிற வித்தை, அன்னைக்கு அவங்க கேட்காமலே தலையில் கட்டினது.

அந்தப் பஞ்ச நிவாரண வேலைகளில் ஒண்ணு பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் துண்டை 1877-78ல் பஞ்சத்துக்கு வந்த ஜனங்கதான் வெட்டினாங்க. அப்ப கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபுவோட பேரை வச்சாச்சு. இன்னிக்கு மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயில் தூண்கள் அதுக்குள்ளதான் நிக்குது. அதே கால்வாயோட தெற்குப் பகுதி சோழிங்கநல்லூருக்குக் கிழக்கே ஓடுது. கடற்கரைக்குப் போறப்பல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டிப் போயிருக்கேன்.

ஷேக் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அதே ஒரு ஸ்கூப். 400 மில்லி தண்ணி, ஏழெட்டு ஐஸ் கட்டி, மிக்ஸியில் ஒரு நிமிஷம் நல்லா நுரை வர்ற வரைக்கும் ஓடவிடணும். அப்புறம் ஒரு டீஸ்பூன் இசப்கோல், ரெண்டு நிமிஷம் விட்டா கூழ் பதத்துக்கு வந்துடும். (மேல இன்னொரு டம்ளர் தண்ணி கண்டிப்பா குடிக்கணும், இல்லாட்டி இசப்கோல் தொண்டையில் அடைச்சுக்கும்.) இசப்கோல் பிடிக்காதவங்க ஃபலூடாவில் போடற சப்ஜா விதையை ஊறவச்சுப் போடலாம். கலோரி பெரிசா ஏறாது. பன்னெண்டரை வரைக்கும் தாங்குது, சமோசா கட்.

போன ஞாயித்துக்கிழமை சமையல்கட்டுத் தராசில் துவரம்பருப்பை 43 கிராம் நிறுத்துப் பார்த்தேன். ஒரு உள்ளங்கைக்கூட நிறையலை. அம்மா எட்டிப் பார்த்துட்டு, "என்னடா இது, இதை வச்சு யாருக்குச் சாம்பார் வைக்கறது?"ன்னாங்க.