மடிக்கணினிச் சேமிப்பகத்தின் வரலாறு: வன்தட்டும் எஸ்.எஸ்.டி.யும்

கணினியை அணைத்த பின்னரும் தரவுகளை அழியாமல் காக்கும் பகுதி சேமிப்பகம் எனப்படும். மடிக்கணினிகளில் இது இரு வகைப்படும். பேச்சு வழக்கில் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு, சுழலும் காந்தத் தட்டுகளில் தரவை எழுதுகிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம், அசையும் பாகம் எதுவுமின்றிக் குறைகடத்திச் சில்லுகளில் தரவை எழுதுகிறது. பழைய மடிக்கணினி ஒன்றைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் மாணவர் முன் இன்று நிற்கும் கேள்வி, இவ்விரண்டில் எதை வாங்குவது என்பதாகும். இக்கேள்விக்கான விடை, இவ்விரு கருவிகளும் வளர்ந்த வரலாற்றிலேயே உள்ளது.

வன்தட்டின் தோற்றம்

முதல் வன்தட்டு, ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவித்த ராமாக் 305 கணினியின் பகுதியாக வெளிவந்தது. ரெனால்ட் ஜான்சன் தலைமையில் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் இயங்கிய ஆய்வகம் இதனை உருவாக்கியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்திற்கு 1200 முறை சுழன்றன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அக்கருவியில் 50 இலட்சம் எழுத்துகளைச் சேமிக்க முடிந்தது. இன்றைய அளவில் அது 4 மெகாபைட்டுக்கும் குறைவு. கைப்பேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படத்துக்கே அது போதாமல் போகலாம்.

எனினும் அதன் சிறப்பு கொள்ளளவில் இல்லை. அதற்கு முன் தரவுகள் துளையட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் இருந்தன. நாடாவின் நடுவில் உள்ள ஒரு பதிவைப் படிக்க, அதற்கு முன்னுள்ள பகுதி முழுவதையும் ஓட்டிக் கடக்க வேண்டும். வன்தட்டிலோ, படிக்கும் முனையை வேண்டிய இடத்திற்கு நேராகக் கொண்டு செல்லலாம். ராமாக் கருவி ஒரு பதிவைத் தேடி எடுக்கச் சராசரியாக 600 மில்லிநொடி எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் இது பெரும் வேகம்.

1973ஆம் ஆண்டு ஐ.பி.எம். 3340 என்னும் கருவி வெளிவந்தது. தட்டுகளையும் படிக்கும் முனைகளையும் ஒரே உறைக்குள் அடைத்து மூடிய இதற்கு வின்செஸ்டர் என்ற பெயர் வழங்கியது. 30 மெகாபைட்டு கொண்ட இரு பகுதிகளாக இதைத் திட்டமிட்டதால், 30-30 எனப்படும் வின்செஸ்டர் துப்பாக்கியின் நினைவாக இப்பெயர் வந்தது. இன்றுவரை வரும் வன்தட்டுகளின் அமைப்பு இதன் வழிவந்ததே.

மேசையிலிருந்து மடிக்கு

1980ஆம் ஆண்டு சீகேட் நிறுவனம் 5.25 அங்குல அளவில் 5 மெகாபைட்டு வன்தட்டை வெளியிட்டது. இது தனிமேசைக் கணினிகளுக்கு ஏற்றதாக இருந்தது. 1983இல் இசுக்கொட்லாந்தின் ரோடைம் நிறுவனம் 3.5 அங்குல வன்தட்டையும், 1988இல் அமெரிக்காவின் பிரெய்ரிடெக் நிறுவனம் 2.5 அங்குல வன்தட்டையும் கொண்டுவந்தன. பிரெய்ரிடெக் வன்தட்டின் கொள்ளளவு 20 மெகாபைட்டு. அந்த 2.5 அங்குல அளவே பின்னர் மடிக்கணினிகளுக்குப் பொது அளவாயிற்று.

பேராற்றல் காந்தத்தடை என்னும் விளைவை ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் ஆகியோர் 1988இல் தனித்தனியே கண்டறிந்தனர். மிகச் சிறிய காந்தப் புள்ளிகளையும் உணர இது வழிசெய்தது. ஐ.பி.எம். 1997இல் இவ்விளைவைப் பயன்படுத்தும் வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007ஆம் ஆண்டு இட்டாச்சி நிறுவனம் 1 டெராபைட்டு வன்தட்டை வெளியிட்டது. ஃபெர்ட், குருன்பெர்க் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

கொள்ளளவு வளர்ந்தது, காத்திருப்பு குறையவில்லை

ராமாக்கிலிருந்து 1 டெராபைட்டு வன்தட்டு வரை கொள்ளளவு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மடங்கு பெருகியது. ஆனால் ஒரு பதிவைத் தேடி எடுக்கும் நேரம் அவ்வாறு குறையவில்லை. காரணம் இயந்திர அமைப்பு. மடிக்கணினி வன்தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 5400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆகிறது. வேண்டிய தரவு முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். முனை உரிய தடத்திற்கு நகர மேலும் 12 மில்லிநொடி அளவில் ஆகும். ஆக, வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை நொடிக்கு 60 முறை அளவிலேயே தேடி எடுக்க முடியும்.

பெரிய திரைப்படக் கோப்பை நகலெடுக்கும்போது இக்குறை தெரியாது. அங்கு முனை ஒரே போக்கில் படித்துச் செல்கிறது. ஆனால் இயங்குதளம் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் பல இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். பழைய மடிக்கணினி திறக்கவே பல நிமிடங்கள் எடுப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். பல வேளைகளில் செயலி சும்மா இருக்கிறது. தட்டு சுழன்று வருவதற்காக அது காத்திருக்கிறது.

ஃபிளாஷ் நினைவகம்

1967இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் மிதக்கும் வாயில் என்னும் அமைப்பை விளக்கினர். மின்காப்பு அடுக்கால் சூழப்பட்ட சிறு பகுதியில் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்தினால், மின்சாரம் நின்ற பின்னும் அவை அங்கேயே இருக்கும் என்பது இதன் அடிப்படை. இதனைக் கொண்டு தோசிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். 1984இல் அவர் வெளியிட்டது நார் வகை; 1987இல் வெளியிட்டது நாண்ட் வகை. தரவு ஒரே வீச்சில் அழிவது ஒளிப்படக் கருவியின் மின்னலை நினைவூட்டியதால் ஃபிளாஷ் என்ற பெயர் அமைந்தது. இன்றைய எஸ்.எஸ்.டி.க்கள் நாண்ட் வகையைச் சேர்ந்தவை.

1988இல் ஈலி ஹராரி, கான்பூரில் பிறந்த சஞ்சய் மெகரோத்ரா, ஜாக் யுவான் ஆகிய மூவரும் சன்டிஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னாளில் சான்டிஸ்க் எனப் பெயர் மாறிய நிறுவனம் இதுவே. 1991இல் இந்நிறுவனம் 20 மெகாபைட்டு ஃபிளாஷ் சேமிப்பகம் ஒன்றை ஐ.பி.எம்.முக்கு வழங்கியது. அதன் விலை ஏறத்தாழ 1000 டாலர். பொதுமக்கள் வாங்கக்கூடிய விலை அதுவன்று.

விலையைக் குறைத்தவை கணினிகள் அல்ல. எண்ணிம ஒளிப்படக் கருவிகள், இசைக் கருவிகள், கைப்பேசிகள் ஆகியவற்றுக்காக ஃபிளாஷ் சில்லுகள் பெருமளவில் உற்பத்தியாயின. அதன் பயன் மடிக்கணினிகளுக்கும் வந்தது. 2006இல் சாம்சங் 32 ஜிகாபைட்டு எஸ்.எஸ்.டி. கொண்ட கணினிகளை அறிவித்தது. 2008 ஜனவரியில் வந்த மேக்புக் ஏர் கணினியில் 80 ஜிகாபைட்டு வன்தட்டுக்கு மாற்றாக 64 ஜிகாபைட்டு எஸ்.எஸ்.டி. பெற 999 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தது.

ஃபிளாஷ் சில்லுக்கென ஒரு குறையும் உண்டு. ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. முதலில் ஒரு பெரும் தொகுதியையே அழிக்க வேண்டும். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் மின்காப்பு அடுக்கு சிறிது தேய்கிறது. எனவே எஸ்.எஸ்.டி.யின் உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி, எழுதும் சுமையை எல்லாச் சில்லுகளுக்கும் சமமாகப் பகிர்கிறது. எந்தக் கோப்புகள் நீக்கப்பட்டன என்பதை இயங்குதளம் அதற்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை, 2009இல் விண்டோசு 7 உடன் பரவலாயிற்று.

பழைய மடிக்கணினியும் தெரிவும்

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகப் பல மாணவர் வீடுகளுக்கு முதன்முதலாகக் கணினி வந்தது. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கியவை வன்தட்டு கொண்டவை. அதே ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளம் அங்குள்ள வன்தட்டு ஆலைகளை மூழ்கடித்ததால் உலகெங்கும் வன்தட்டு விலை உயர்ந்தது. அக்காலத்தில் எஸ்.எஸ்.டி. எளியோருக்கு எட்டாத பொருள். இன்று அந்நிலை மாறிவிட்டது.

பழைய கணினியின் இணைப்பு மெதுவானது, அதில் எஸ்.எஸ்.டி. பொருத்திப் பயன் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. சாட்டா இணைப்பின் இரண்டாம் தலைமுறை நொடிக்கு 300 மெகாபைட்டு வரையும், மூன்றாம் தலைமுறை 600 மெகாபைட்டு வரையும் கடத்தும். இரண்டாம் தலைமுறை இணைப்பில் எஸ்.எஸ்.டி. தன் முழு வேகத்தைக் காட்டாது என்பது உண்மையே. ஆனால் மேலே கண்டவாறு, பழைய கணினியை முடக்குவது கடத்தும் வேகமன்று, தேடும் நேரம். வன்தட்டில் 17 மில்லிநொடி ஆகும் தேடல் எஸ்.எஸ்.டி.யில் 0.1 மில்லிநொடி அளவிலேயே முடிகிறது. இணைப்பு பழையதானாலும் இப்பயன் குறையாது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. மிகப் பழைய கணினிகளில் சாட்டாவுக்கு முந்தைய, ஊசி வரிசை கொண்ட ஐ.டி.இ. இணைப்பு இருக்கலாம்; அதற்குச் செலவிடுவது பெரும்பாலும் வீண். எம்.2 வடிவில் வரும் எஸ்.எஸ்.டி. 2.5 அங்குல இடத்தில் பொருந்தாது, எனவே 2.5 அங்குல சாட்டா வகையையே கேட்டு வாங்க வேண்டும். நினைவகம் 2 ஜிகாபைட்டு மட்டுமே இருந்தால் முடிந்தவரை அதையும் கூட்டுவது நல்லது. செயலியின் பழமையை எஸ்.எஸ்.டி. போக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விண்டோசு 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததால், புதிய விண்டோசை ஏற்காத கணினிகளுக்கு லினக்சு ஒரு நல்ல வழி.

வன்தட்டு பயனற்றுப் போய்விடவில்லை. ஒரே விலைக்கு அதிகக் கொள்ளளவு தருவது இன்றும் அதுவே. படங்கள், காணொளிகள், பழைய பாடக் குறிப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க அது போதும். மின்சாரமின்றி நெடுங்காலம் வைத்திருப்பதற்கும் எஸ்.எஸ்.டி. ஏற்றதன்று. எழுதும் ஆயுள் முடிந்த பின் 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே தனிப்பயன் எஸ்.எஸ்.டி.க்களுக்கான ஜெடெக் தரவரையறை. எனவே கழற்றிய வன்தட்டை ஓர் உறையில் பொருத்தி யு.எஸ்.பி. வழியாகக் காப்புப்படிக்குப் பயன்படுத்தலாம்.

பழுதடையும் முறையிலும் வேறுபாடு உண்டு. வன்தட்டு கீழே விழுந்தால் கெடும். ஆனால் பல வேளைகளில் வழக்கத்திற்கு மாறான ஒலியெழுப்பி முன்கூட்டியே எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. அதிர்ச்சியைத் தாங்கும், ஆனால் அதன் கட்டுப்படுத்தி பழுதானால் ஓசையின்றி ஒரே நாளில் நின்றுவிடும். அப்போது தரவை மீட்பது கடினம்.

முடிவுரை

வன்தட்டின் ஐம்பதாண்டு வரலாறு கொள்ளளவின் வெற்றி, எஸ்.எஸ்.டி.யின் வரலாறு காத்திருப்பை ஒழித்ததன் வெற்றி. பழைய மடிக்கணினிக்கு இன்று குறைவாயிருப்பது பெரும்பாலும் இடமன்று, விரைவே. ஆகவே இயங்குதளத்திற்கு 240 அல்லது 256 ஜிகாபைட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றும், காப்புப்படிக்குப் பழைய வன்தட்டும் என்ற ஏற்பாடு மாணவருக்குச் சிக்கனமானது. எதை வாங்கினாலும், ஆய்வேடும் சான்றிதழ்களும் ஒரே இடத்தில் மட்டும் இருத்தல் கூடாது. இரண்டாவது படி ஒன்று வேறிடத்தில் இருப்பதே உண்மையான பாதுகாப்பு.